கால்ல என்னமோ பண்ணுதுன்னு சொன்னா, என்ன பண்ணுதுன்னு கேளுங்க

சுகர் இருக்கறவங்க நாலு பேர் சேர்ந்து உக்காந்தா பேச்சு எங்க ஆரம்பிச்சாலும் கடைசில கால்ல வந்து தான் நிக்கும். ஒருத்தருக்கு உள்ளங்கால் காந்துது, ஒருத்தருக்கு விரல் நுனில சுருக்கு சுருக்குன்னு குத்துது, இன்னொருத்தருக்கு ராத்திரி கெண்டைக்கால்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு, லைட்டை போட்டு பார்த்தா ஒண்ணும் இல்ல. எங்கம்மாவுக்கு வெறும் தரைல நடந்தாலும் பஞ்சு மேல நடக்கற மாதிரி மதமதன்னு இருக்கு. எனக்கு சாயங்காலம் ஆச்சுன்னா ரெண்டு பாதத்துலயும் ஈர சாக்ஸ் போட்ட மாதிரி ஒரு சில்லிப்பு வரும், தொட்டுப் பார்த்தா பாதம் காஞ்சு தான் இருக்கும், கதகதன்னும் இருக்கும்.

இது அத்தனைக்கும் நம்ம ஊர்ல கிடைக்கற பதில் ஒண்ணே ஒண்ணு தான், "சுகர் இருந்தா அப்படித்தான் இருக்கும்". சொந்தக்காரங்க சொல்வாங்க, மெடிக்கல் ஷாப்ல சொல்வாங்க, கூட்டமா இருக்கற நாள்ல சில டாக்டர்களும் சொல்லிட்டு அடுத்த டோக்கனை கூப்பிட்டுடுவாங்க. எனக்கு சுகர் வந்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, அம்மாவுக்கு அதை விட ரொம்ப முன்னாடியே, வீட்ல மாமா, பெரியப்பா, அத்தைன்னு எல்லாருக்கும் இருக்கு. நான் டாக்டர் இல்ல, ஸ்கூல் டீச்சர், நாள் பூரா நின்னுக்கிட்டே வேலை. ஆனா இவங்க எல்லாரையும் கூட்டிட்டு போயி வந்து, கேட்டு, படிச்சு, எனக்கு ஒண்ணு உறுதியா தெரிஞ்சு போச்சு. சுகர்காரங்க கால்ல வர்ற எல்லாமே ஒரே வியாதி இல்ல, அதுல சிலது சரி பண்ணக் கூடியது, சிலது ஒரு நாள் கூட தள்ளிப் போடக் கூடாதது. "அப்படித்தான் இருக்கும்"ங்கற அந்த ஒரு வார்த்தைல இதெல்லாம் மூடிப் போயிடுது. அதுக்காக தான் இவ்ளோ நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

முதல்ல, பெரும்பாலும் இருக்கறது எது? நரம்பு பாதிப்பு தான், நியூரோபதி. சுகர் இருக்கறவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு வாழ்நாள்ல எப்பவாவது இது வருது. 2023ல வந்த ஐசிஎம்ஆர் ஆய்வுப்படி நம்ம நாட்டுல சுகர் உள்ளவங்க 10 கோடியே 10 லட்சம் பேர், அதுல பாதின்னா எத்தனை கோடி கால்னு நீங்களே யோசிங்க. இது ஏன் கால்ல ஆரம்பிக்குதுன்னா, பாதத்துல இருந்து உணர்ச்சியை கொண்டு போற நரம்பு செல்லோட மெயின் பகுதி இடுப்புக்கிட்ட முதுகுத்தண்டை ஒட்டி இருக்கு, அதோட இழை அங்கேர்ந்து கட்டைவிரல் நுனி வரைக்கும் வருது, கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம், ஒரே செல். அந்த முனைக்கு வேண்டிய சத்து, சரக்கு எல்லாம் மேலேர்ந்து தான் போய் சேரணும். காவிரில தண்ணி குறைஞ்சா முதல்ல காயறது கடைமடை வயல் தானே, அது மாதிரி தான், சுகரும் கொழுப்பும் சேர்ந்து நரம்பையும் அதுக்கு ரத்தம் கொடுக்கற பொடி நாளங்களையும் கெடுக்கும்போது முதல் அடி விரல் நுனிக்கு. அங்கேர்ந்து ரெண்டு கால்லயும் ஒண்ணு போல மேல ஏறும், சாக்ஸ் போடற அளவு, அப்புறம் முழங்கால்கிட்ட வரும்போது தான் கைவிரல் நுனிலயும் ஆரம்பிக்கும், ஏன்னா அந்த ரெண்டு நரம்போட நீளமும் ஏறக்குறைய ஒண்ணு. இந்த வரிசையை ஞாபகம் வச்சுக்கோங்க, ஏன்னா இந்த வரிசைல வராத எதையும் "சுகர்னால தான்"னு விடக் கூடாது.

ராத்திரில தான் ஏன் ஜாஸ்தியாகுதுன்னு எல்லாரும் கேக்கறாங்க. பகல்ல நடக்கறோம், வேலை பாக்கறோம், மூளைக்கு வேற நூறு விஷயம் வந்துக்கிட்டே இருக்கு, படுத்ததும் எல்லாம் அடங்கி கால்ல இருந்து வர்ற அந்த ஒரு சத்தம் மட்டும் பெருசா கேக்குது. அதோட போர்வை உரசறது, பாதம் சூடாறது எல்லாம் சேரும். சிலருக்கு பெட்ஷீட் பட்டாலே தாங்காது, காலை வெளில நீட்டிக்கிட்டு தான் தூங்குவாங்க. இதை வீட்ல இருக்கறவங்க நடிப்புன்னு நினைச்சுடாதீங்க. வலியையும் சூட்டையும் கடத்தற மெல்லிய நரம்பு இழைகள் தனி, அது கெட்டுப் போய் சும்மாவே சிக்னல் அனுப்பிக்கிட்டு இருக்கு.

இங்க ஒரு சிக்கல் இருக்கு. நரம்பு டெஸ்ட்னு கரன்ட் வச்சு எடுக்கறாங்களே, நெர்வ் கண்டக்‌ஷன், அது பெரிய இழைகளை தான் அளக்கும். மெல்லிய இழை மட்டும் கெட்டிருந்தா ரிப்போர்ட் சுத்தமா நார்மல்னு வரும். காசு செலவு பண்ணி டெஸ்ட் எடுத்து, நார்மல்னு வந்து, அப்புறம் மனசுல தான் பிரச்சனைன்னு சொல்லி அனுப்பப்பட்டவங்களை எனக்கு தெரியும். ரிப்போர்ட் நார்மல், கால் எரியுது, ரெண்டுமே உண்மையா இருக்கலாம். சுகர் இன்னும் முழுசா வராம பார்டர்ல இருக்கறப்பவே கூட இந்த எரிச்சல் வரலாம்.

இப்போ எங்க மாமா கதைக்கு வரேன், ஏன்னா இது தான் ரொம்ப பேருக்கு தெரியாதது. மாமாவுக்கு மூணு மாச சராசரி சுகரை காட்டற ஹெச்பிஏ1சி 13 இருந்துச்சு, பல வருஷமா மாத்திரையை ஒழுங்கா போடல, கால்ல ஒரு தொந்தரவும் கிடையாது. ஒரு நாள் பயந்து போய் இன்சுலின் ஆரம்பிச்சார், சாப்பாட்டை அப்படியே மாத்தினார், மூணே மாசத்துல 7க்கு கொண்டு வந்துட்டார். வீடே சந்தோஷப்பட்டுச்சு. அந்த சமயத்துல தான் கால்ல தீ வச்ச மாதிரி எரிச்சல் ஆரம்பிச்சுது, சட்டை உரசினா கூட உடம்பெல்லாம் வலி, தூக்கமே இல்ல. "நல்லா இருந்த கால், இந்த ஊசி போட்ட பிறகு தான் இப்படி ஆச்சு, ஊசியை நிறுத்தறேன்"னு உக்காந்துட்டார். அத்தையும் "விடுங்க, பழைய மாதிரியே இருந்துட்டு போகட்டும்"னு சொல்லிட்டாங்க.

அவர் சொன்னது கற்பனை இல்ல. நீண்ட நாள் ஏறிக் கிடந்த சுகர் சடார்னு இறங்கினா நரம்பு இப்படி கத்தும். 1933லயே கேரவாட்டிங்கற அமெரிக்க டாக்டர், இன்சுலின் ஆரம்பிச்ச பிறகு இப்படி கடுமையா வலி வந்த ஒரு அம்மாவைப் பத்தி எழுதி வச்சிருக்கார். அப்போ இன்சுலின் மேல பழியைப் போட்டு "இன்சுலின் நியூரைட்டிஸ்"னு பேர் வச்சாங்க, அப்புறம் தான் இன்சுலின் இல்லாம மாத்திரைலயோ பட்டினிலயோ வேகமா இறக்கினாலும் இதே வருதுன்னு தெரிஞ்சுது. மூணு மாசத்துக்குள்ள ஹெச்பிஏ1சி 2 பாயின்ட்டுக்கு மேல இறங்கினா ஆபத்து ஆரம்பிக்குது, எவ்ளோ வேகமா இறங்குதோ அவ்ளோ அதிகம். இதுல ரெண்டு விஷயம் ரொம்ப முக்கியம். ஒண்ணு, இந்த வலி பெரும்பாலும் மாசக்கணக்குல, சிலருக்கு ஒண்ணு ரெண்டு வருஷத்துல தணியும், அது வரைக்கும் வலிக்கு மாத்திரை இருக்கு, இன்சுலினை நிறுத்தி சுகரை மறுபடி ஏத்தறது வழியே இல்ல. ரெண்டாவது, இதே சமயத்துல கண்ணுல விழித்திரையும் மோசமாகலாம், அதனால கண் டாக்டர்கிட்டயும் காட்டணும். மாமாவுக்கு இதை ஒரு டாக்டர் பொறுமையா பேப்பர்ல வரைஞ்சு சொன்னதுக்கு அப்புறம் தான் ஊசியை தொடர்ந்தார். யாராவது ஆரம்பத்துலயே "சுகர் வேகமா இறங்கும்போது கால் எரியலாம், பயப்படாதீங்க, என்கிட்ட வாங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த வீட்ல அத்தனை ராத்திரி கண்ணீர் இருந்திருக்காது. புதுசா இன்சுலின் ஆரம்பிக்கறவங்க யாராவது உங்களுக்கு தெரிஞ்சா இதை அவங்களுக்கு படிச்சுக் காட்டுங்க.

அடுத்தது வைட்டமின் பி12. மெட்ஃபார்மின் சாப்பிடாத சுகர்காரங்க நம்ம ஊர்ல கம்மி, நல்ல மாத்திரை, விலையும் கம்மி, அதை நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனா அது சிறுகுடல் கடைசில பி12 உறிஞ்சறதை குறைக்கும். ஈரல்ல பி12 வருஷக்கணக்குக்கு சேமிப்பு இருக்கறதால உடனே தெரியாது, அஞ்சாறு வருஷம் கழிச்சு மெதுவா தெரியும், கால் மரத்துப் போறது, எரிச்சல், இருட்டுல நடக்கும்போது தள்ளாட்டம், மறதி, நாக்கு வழவழன்னு ஆகறது. பாதி அறிகுறி சுகர் நரம்பு பாதிப்பு மாதிரியே இருக்கறதால எல்லாத்தையும் அந்த கணக்குலயே எழுதிடறாங்க. 2022ல பிரிட்டன் மருந்து கட்டுப்பாட்டு அமைப்பே மெட்ஃபார்மின்ல பி12 குறையறது அடிக்கடி வர்ற பக்கவிளைவு தான்னு டாக்டர்களுக்கு எழுதி அனுப்பினாங்க. நம்மள்ல நிறைய பேர் சைவம், கூடவே வயிறு எரிச்சலுக்கு பேன்டோப்ரசோல் மாதிரி மாத்திரையை காலைல எழுந்ததும் வருஷக்கணக்கா போடறோம், அதுவும் பி12ஐ குறைக்கும், மூணும் சேர்ந்தா என்ன ஆகும்னு சொல்லவே வேண்டாம். எங்க ஸ்டாஃப் ரூம்ல ஒரு அக்கா, சைவம், மெட்ஃபார்மின் ரொம்ப வருஷம், "சுகர்னால நரம்பு போச்சு"ன்னு மனசை தேத்திக்கிட்டு இருந்தாங்க, பி12 பார்த்தா 140. 200க்கு கீழ இருந்தாலே குறைவு, 200லேர்ந்து 300 வரைக்கும் சந்தேகம் தான். ஊசி போட்டு, அப்புறம் மாத்திரை, சில மாசத்துல தள்ளாட்டம் போச்சு, எரிச்சல் முழுசா போகல ஆனா தூங்கறாங்க. இந்த டெஸ்ட்டை மாஸ்டர் செக்கப்ல தானா எடுப்பாங்கன்னு நினைக்காதீங்க, பல பேக்கேஜ்ல இருக்காது, வாய் திறந்து கேட்டு எடுங்க. சீக்கிரம் பிடிச்சா தான் நரம்பு திரும்பும், ரொம்ப நாள் விட்டா போனது போனது தான்.

அதுக்காக கடைல போய் "நரம்பு மாத்திரை கொடுங்க"ன்னு வாங்கி வருஷக்கணக்கா விழுங்கறதும் வேண்டாம். அந்த மாத்திரைகள்ல பி12 கூட பி6ம் இருக்கும், பி6 அளவுக்கு மீறி ரொம்ப நாள் போனா அதுவே கால் நரம்பை கெடுத்து மரத்துப் போக வைக்கும். எரிச்சலுக்குன்னு சாப்பிடற மாத்திரையே எரிச்சலை வளர்க்கறது எவ்ளோ பெரிய கொடுமை. அட்டையை திருப்பி பி6 எத்தனை மில்லிகிராம்னு பாருங்க, பைரிடாக்சின்னு போட்டிருக்கும், டாக்டர்கிட்ட காட்டி எத்தனை நாளைக்குன்னு கேளுங்க.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு இருந்தது வேற. அவங்களுக்கு எரிச்சலும் இல்ல மரப்பும் இல்ல, ராத்திரி எட்டு மணி ஆனா காலை ஆட்டாம இருக்க முடியாது. உள்ளுக்குள்ள ஒரு குடைச்சல், நீட்டணும், உதறணும், எழுந்து நடந்தா உடனே போயிடும், படுத்தா மறுபடி. பஸ்ல ராத்திரி பயணம்னா அழுதுடுவாங்க. இதுக்கு ரெஸ்ட்லெஸ் லெக்ஸ்னு பேர், 1672லயே இங்கிலாந்துல தாமஸ் வில்லிஸ்ங்கற மருத்துவர் எழுதி வச்சது, 1945ல ஸ்வீடன்ல எக்போம்ங்கறவர் இந்த பேரை கொடுத்தார். சுகர் இருக்கறவங்களுக்கும் கிட்னி பாதிப்பு இருக்கறவங்களுக்கும் இது மத்தவங்களை விட அதிகம் வருது. கண்டுபிடிக்கறதுக்கு ஸ்கேன் எதுவும் வேண்டாம், ஆட்டணும்னு தோணுதா, சும்மா இருக்கும்போது வருதா, நடந்தா குறையுதா, சாயங்காலத்துக்கு மேல ஜாஸ்தியா, இந்த நாலு கேள்வி தான். நரம்பு எரிச்சல்காரங்களுக்கு நடந்தா இப்படி சட்டுனு போகாது. இதுல பார்க்க வேண்டியது இரும்புச்சத்து, ஹீமோகுளோபின் நல்லா இருந்தாலும் உடம்புல இரும்பு எவ்ளோ சேமிப்புல இருக்குன்னு காட்டற ஃபெரிட்டின்னு ஒண்ணு இருக்கு, அது 75 அல்லது அதுக்கு கீழ இருந்தா இரும்பு மாத்திரை கொடுத்துப் பாக்கறாங்க. அந்த அக்காவுக்கு ஃபெரிட்டின் 20 கூட இல்ல. இன்னொண்ணு, கால் எரிச்சலுக்கு சாதாரணமா எழுதற அமிட்ரிப்டிலின், சளிக்கு போடற தூக்கம் வர்ற மாத்திரைகள், இதெல்லாம் இந்த குடைச்சலை அதிகமாக்கும். ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சு மருந்து கொடுத்தா நிலைமை மோசமாகும், அதனால தான் என்ன பண்ணுதுன்னு சரியா சொல்லணும், சரியா கேக்கணும்னு திரும்பத் திரும்ப சொல்றேன்.

ஒரு பக்கம் மட்டும் வர்றது பெரும்பாலும் இந்த சாதாரண சுகர் நியூரோபதி இல்ல. தொடையோட வெளிப்பக்கம் ஒரு கை அகலத்துக்கு மட்டும் எரிஞ்சு மரத்துப் போச்சுன்னா இடுப்புக்கிட்ட ஒரு நரம்பு அமுங்குது, இறுக்கமான பெல்ட், ஜீன்ஸ், வயிறு பெருத்தது எல்லாம் காரணம், தளர்த்தினாலே பாதி குறையும். முதுகுல இருந்து பின்பக்கமா ஒரே கால்ல இறங்கினா டிஸ்க் பக்கம் பாக்கணும். அம்பது வயசுக்கு மேல ஒரு தொடைல தாங்க முடியாத வலி வந்து, சில வாரத்துல தொடை மெலிஞ்சு, நாற்காலில இருந்து எழ முடியாம, எடையும் குறைஞ்சா அதுவும் சுகரோட சம்பந்தப்பட்ட தனி வகை, நரம்பு டாக்டரை பாக்கணும், மாசங்கள் ஆனாலும் பெரும்பாலும் தேறி வர்றாங்க.

பெரியப்பாவுக்கு இருந்தது ரத்த ஓட்டம். கடைத்தெரு வரைக்கும் நடப்பார், பாதி வழில கெண்டைக்கால் பிடிச்சுக்கும், நிப்பார், ரெண்டு நிமிஷத்துல சரியாகும், மறுபடி அதே தூரத்துல பிடிக்கும். இதை எல்லாரும் வயசுன்னு சொன்னாங்க. நடந்தா வர்றது, நின்னா போறது, இது ரத்தக்குழாய் அடைப்போட கையெழுத்து. முத்திப் போனா படுத்திருக்கும்போதும் பாதம் வலிக்கும், காலை கட்டிலுக்கு கீழ தொங்கப் போட்டா தான் சுகம். கைலயும் கணுக்கால்லயும் பிரஷர் பார்த்து ஒப்பிடற ஏபிஐ டெஸ்ட் இருக்கு, வலியே இல்லாத டெஸ்ட், 0.9க்கு கீழ இருந்தா அடைப்புன்னு அர்த்தம். ஆனா ரொம்ப வருஷ சுகர்காரங்களுக்கு ரத்தக்குழாய் கெட்டியாகி இருந்தா நம்பர் பொய்யா நல்லா காட்டும், 1.3, 1.4க்கு மேல வந்தா சந்தோஷப்படாம ரத்த ஓட்டத்தை பாக்கற டாப்ளர் ஸ்கேன் கேக்கணும். பீடி சிகரெட் பிடிக்கறவங்க தயவு செஞ்சு இதை முதல்ல பாருங்க.

இவ்ளோ நேரம் எரிச்சல், குத்தல், குடைச்சல்னு சொன்னேன். எனக்கு உள்ளுக்குள்ள நிஜமாவே பயமா இருக்கறது எங்கம்மா கால் தான், அவங்களுக்கு இப்போ எரிச்சலே இல்ல. "முன்னாடி எல்லாம் எரியும்டி, இப்போ சாமி புண்ணியத்துல ஒண்ணும் இல்ல"ன்னு அவங்க சொல்லும்போது எனக்கு வயித்தை கலக்குது. எரிஞ்சுக்கிட்டு இருந்த நரம்பு முழுசா செத்துப் போனாலும் எரிச்சல் நிக்கும். நரம்பு பாதிச்சவங்கள்ல பாதிப் பேர் வரைக்கும் ஒரு தொந்தரவும் சொல்ல மாட்டாங்க, நேரா புண்ணோட தான் வருவாங்க.

வலி இல்லாத கால் என்ன ஆகும்னு உலகத்துக்கு சொல்லிக் கொடுத்தது நம்ம ஊர் தான். பால் பிராண்ட்னு ஒரு சர்ஜன், 1914ல கொல்லிமலைல பிறந்தவர், மிஷனரி குடும்பம். 1946ல வேலூர் சிஎம்சிக்கு வந்து தொழுநோயாளிகளுக்கு வேலை பார்த்தார். அப்போ எல்லாரும் அந்த வியாதி விரலை அழுக வைக்குதுன்னு நம்பிக்கிட்டு இருந்தாங்க. அவர் ஒவ்வொரு காயமா பின்தொடர்ந்து பார்த்து, அழுகல் இல்ல, வலி தெரியாததால தான் சுட்டுக்கறாங்க, ஆணி மேல நடக்கறாங்க, ராத்திரி எலி கடிச்சா கூட தெரியாம தூங்கறாங்கன்னு கண்டுபிடிச்சார். அப்புறம் 1966ல அமெரிக்கா போய் லூசியானால கார்வில் தொழுநோய் மருத்துவமனைல இருந்தப்போ சுகர் நோயாளிகளோட பாதப் புண்ணும் இதே கதை தான்னு காட்டினார். தொழுநோயாளிகளுக்குன்னு நம்ம பக்கம் செஞ்சுக்கிட்டு இருந்த எம்சிஆர் (மைக்ரோ செல்லுலர் ரப்பர்) செருப்பு தான் இன்னிக்கு சுகர் கால் க்ளினிக்ல எல்லாம் கொடுக்கறாங்க. எலி விஷயம் பழங்கதை இல்ல, ஓட்டு வீட்ல, தரைல படுக்கற சுகர்காரங்களுக்கு எலிக்கடி இப்பவும் நடக்குது, காலைல பாய்ல ரத்தம் பார்த்து தான் தெரியும். மரத்த கால் இருக்கறவங்களை கட்டில்ல படுக்க வைங்க, கொசு வலையை நாலு பக்கமும் சொருகி விடுங்க.

அதே மாதிரி கால் வலிக்குதுன்னு வெந்நீர்ல முக்கறது, ஒத்தடம் கொடுக்கறது, ஹாட் வாட்டர் பேக் வச்சு தூங்கறது, பைக் சைலன்சர் பக்கத்துல காலை வைக்கறது, இதெல்லாம் அம்மா விஷயத்துல நான் முழுசா நிறுத்திட்டேன். கோயில் தான் கஷ்டம். சித்திரை வெயில்ல பிரகாரக் கல்லு எப்படி கொதிக்கும்னு நமக்கு தெரியும், நமக்கு சுடுது ஓடறோம், அவங்களுக்கு சுடலியே, நிதானமா கும்பிட்டுக்கிட்டு நிப்பாங்க, வீட்டுக்கு வந்தா பாதம் பூரா கொப்புளம். திருவண்ணாமலைல 14 கிலோமீட்டர் வெறுங்கால்ல போகணும்னு அம்மாவுக்கு ஆசை. நான் சண்டை போடல, "ஆட்டோல சுத்தலாம்மா, அண்ணாமலையார் கோவிச்சுக்க மாட்டார்"னு சொல்லி கூட்டிட்டு போனேன். மத்த கோயிலுக்கு விடியகாலைல போறோம், தடிமனான காட்டன் சாக்ஸ் போட்டு விடறேன். நம்பிக்கையை விடச் சொல்லல, அந்த பாதத்தை காப்பாத்திக்கிட்டு கும்பிடுங்கன்னு தான் கேக்கறேன்.

மரப்பு இருக்கான்னு வீட்லயே பாக்க ஒரு வழி இருக்கு, 2011ல இங்கிலாந்துல இப்ஸ்விச் ஊர் டாக்டர்கள் கொண்டு வந்தது. அவங்களை கண்ணை மூடிக்கிட்டு படுக்கச் சொல்லுங்க. உங்க ஆள்காட்டி விரலால ரெண்டு பாதத்துலயும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை, மொத்தம் ஆறு இடம், லேசா ஒண்ணு ரெண்டு வினாடி தொடுங்க, அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, கிச்சுகிச்சு மூட்டக் கூடாது. தொடும்போது இடதா வலதான்னு சொல்லணும். ஆறுல ரெண்டு அல்லது அதுக்கு மேல தெரியலன்னா உணர்ச்சி குறைஞ்சிருக்குன்னு அர்த்தம், டாக்டர்கிட்ட பாதத்தை காட்டியே ஆகணும். அம்மாவுக்கு ஒண்ணே ஒண்ணு தான் தெரிஞ்சுது. அதுக்கு அப்புறம் தான் முறையா டெஸ்ட்டுக்கு கூட்டிட்டு போனேன், 10 கிராம் நைலான் இழையை வச்சு அழுத்திப் பாப்பாங்க, 128 ஹெர்ட்ஸ் இசைக்கவை (ட்யூனிங் ஃபோர்க்) வச்சு அதிர்வு பாப்பாங்க, பயோதீசியோமீட்டர்னு மெஷின்ல வோல்ட் கணக்குல வரும், 25க்கு மேல போனா புண் வர்ற ஆபத்து அதிகம். இதெல்லாம் பத்து நிமிஷ வேலை, வருஷத்துக்கு ஒரு தடவையாவது எல்லா சுகர்காரங்களுக்கும் பாக்கணும். டாக்டர் ரூமுக்குள்ள போனதும் செருப்பை கழட்டி காலை நீட்டிடுங்க, கேக்கலன்னாலும் நீட்டுங்க.

எரிச்சலுக்கு மருந்து பத்தியும் சொல்லிடறேன். பிரீகாபலின், டுலாக்செடின், அமிட்ரிப்டிலின் இந்த மூணுல ஏதாவது ஒண்ணுல தான் பெரும்பாலும் ஆரம்பிப்பாங்க. 2022ல வந்த பிரிட்டிஷ் ஆய்வுல எதுல ஆரம்பிச்சாலும் பலன் ஏறக்குறைய ஒண்ணு தான், ஒண்ணுல குறையாதவங்களுக்கு ரெண்டாவதை சேர்த்தா இன்னும் குறையுதுன்னு தெரிஞ்சுது. அதனால எது நம்ம உடம்புக்கு ஒத்துக்கும்ங்கறது தான் கேள்வி, வயசானவங்களுக்கு அமிட்ரிப்டிலின்ல வாய் வறட்சி, சிறுநீர் அடைப்பு, தடுமாற்றம் வரும், பிரீகாபலின்ல தூக்கம், கால் வீக்கம், எடை கூடறது, கிட்னி பாதிப்பு இருந்தா டோஸ் குறைக்கணும், திடீர்னு நிறுத்தவும் கூடாது. இதெல்லாம் நரம்பை ரிப்பேர் பண்ணாது, வலியை குறைக்கும், பாதியா குறைஞ்சாலே தூங்க முடியும், தூங்கினா மறுநாளை பாத்துக்கலாம். எனக்கு ஈர சாக்ஸ் உணர்வுக்கு மருந்து எதுவும் வேண்டாம்னு நானும் டாக்டரும் பேசி முடிவு பண்ணோம், வலி இல்லாத வரைக்கும் சுகர், கொழுப்பு, எடை, நடை இதை கவனிக்கறது, வருஷா வருஷம் பி12, அவ்ளோ தான்.

கடைசியா, வரிசைல காத்திருக்காம அன்னிக்கே ஓட வேண்டியது. பாதத்துல புண்ணு, நிறம் கறுத்துப் போறது, ஒரு கால் திடீர்னு வெளுத்து ஐஸ் மாதிரி சில்லிடறது, காலோட சேர்ந்து ஒண்ணுக்கு ரெண்டுக்கு கட்டுப்பாடு போறது, வேகமா ரெண்டு காலும் பலம் இழந்துக்கிட்டே மேல ஏறறது, இதெல்லாம் எல்லாருக்கும் பயம் காட்டும், போயிடுவாங்க. தப்பிப் போறது இன்னொண்ணு, மரத்த கால் ஒண்ணு மட்டும் வீங்கி சிவந்து, இன்னொரு காலை விட தொட்டா சூடா இருக்கும், வலி கொஞ்சமா இருக்கும் இல்லன்னா இருக்கவே இருக்காது. எலும்புகள் உள்ளுக்குள்ள நொறுங்கிக்கிட்டு இருக்கு, ஷார்கோ பாதம்னு பேர். எக்ஸ்ரேல முதல்ல ஒண்ணும் தெரியாமலும் இருக்கலாம். ரெண்டு பாதத்துக்கும் சூடு 2 டிகிரி செல்சியஸுக்கு மேல வித்தியாசம் இருந்தா சந்தேகப்படணும்னு சொல்றாங்க, தெர்மாமீட்டர் இல்லன்னா புறங்கையை வச்சு ரெண்டையும் மாத்தி மாத்தி தொட்டாலே ஓரளவு தெரியும். அதை சுளுக்குன்னு நினைச்சு எண்ணெய் போட்டு நீவ விட்டுடாதீங்க, அந்த காலை தரைல ஊனாம, யாரையாவது வண்டி எடுக்கச் சொல்லி அப்பவே கூட்டிட்டு போங்க.